மண்டபத்து மாடியில் விழுந்த விண்கற்கள்

அடுத்தவர் வீட்டு மாடியைப் பெருக்கித் தருகிறோம் என்று கேட்டுப் பாருங்கள். கூலி வேண்டாம், குப்பையையும் நாங்களே எடுத்துக்கொண்டு போய்விடுகிறோம் என்று சொல்லுங்கள். காஞ்சிபுரத்தில் ஒருவரும் சம்மதிக்க மாட்டார்கள். குப்பையை எடுத்துக்கொண்டு போகிறோம் என்பதில்தான் சிக்கல். நகைப் பட்டறை வாசல் மண்ணைச் சலித்துப் பொன் துகள் எடுப்பவர்களையும், கிழிந்த பட்டுப்புடவையை வாங்கிப்போய் உருக்கிச் சரிகையிலிருந்து வெள்ளி எடுப்பவர்களையும் பார்த்துப் பழகிய ஊர் இது. இரண்டு பெண்கள் துடைப்பமும் காந்தமுமாக வந்து, உங்கள் மாடித் தூசி வேண்டும் என்று நின்றால், நமக்கே தெரியாமல் நம் மாடியில் என்னவோ இருக்கிறது என்றுதான் தோன்றும்.

இருந்ததும் உண்மைதான். நாங்கள் தேடியது விண்கல்.

இரண்டு பெண்களில் ஒருத்தி நான். கடைத்தெருவை ஒட்டிய சந்தில் சின்னதாக ஒரு ரத்தப் பரிசோதனை நிலையம் நடத்துகிறேன். ஊரில் எல்லோரும் அதை லேப் என்பார்கள். சர்க்கரை, ரத்த அணுக்கள், காய்ச்சல் என்றால் மலேரியா, டெங்கு. நாளில் பாதி நேரம் என் வலது கண் மைக்ராஸ்கோப்பில்தான் இருக்கும். இன்னொருத்தி என் கணவரின் அக்கா. அண்ணி என்று கூப்பிடுவேன். பெரிய பட்டுக் கடை ஒன்றில் கல்யாணப் புடவைப் பிரிவில் விற்பனை அவருக்கு. மகளைப் பெங்களூரில் கட்டிக்கொடுத்த பிறகு தனியாக இருக்க வேண்டாம் என்று எங்கள் வீட்டு மேல்பகுதிக்குக் குடிவந்தார். அதுவரை நானும் அவரும் பண்டிகை, விசேஷம் என்றால் பேசிக்கொள்வோம், அவ்வளவுதான். சண்டை ஒன்றும் கிடையாது. பேச விஷயம் இல்லை.

விஷயம் ஒரு வீடியோவாக வந்தது. லேபில் ரத்தக் குழாய்களைச் சுழற்றும் இயந்திரத்தில் போட்டுவிட்டால் அது நிற்கும் வரை எனக்கு வேலை இருக்காது. அப்படி ஒரு நாள் கைப்பேசியைத் தள்ளிக்கொண்டிருந்தபோது, எங்கோ குளிர் தேசத்தில் ஒருவர் தன் வீட்டுக் கூரையின் தண்ணீர்க் குழாயிலிருந்து மண்ணை வாரி, காந்தத்தை ஓட்டி, ஒட்டியவற்றைப் பெரிதுபடுத்திக் காட்டினார். கருப்பாக, உருண்டையாக, மேலே கோடு கோடாகச் செதுக்கினாற்போல ஒன்று. மணல் துகளை விடச் சிறியது. விண்வெளியிலிருந்து விழுந்த கல் என்றார்.

நான் நம்பவில்லை. விண்கல் என்றால் எனக்குத் தெரிந்தது அருங்காட்சியகத்தில் கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கும் பெரிய இரும்புக் கட்டிதான். தேடிப் படித்தபோதுதான் தெரிந்தது: வானத்திலிருந்து வருவதில் பெரிய கல் அபூர்வம், தூசிதான் அதிகம். செவ்வாய்க்கும் வியாழனுக்கும் நடுவே சுற்றிக்கொண்டிருக்கும் சிறுகோள்கள் ஒன்றோடொன்று மோதிக்கொள்கின்றன. வால்நட்சத்திரங்கள் சூரியனை நெருங்கும்போது உதிர்க்கின்றன. அந்தத் தூசி பூமியின் மேல் ஓயாமல் விழுந்துகொண்டே இருக்கிறது. காற்று மிக மெலிதாக இருக்கும் உயரத்தில், துப்பாக்கிக் குண்டை விடப் பல மடங்கு வேகத்தில் உள்ளே நுழையும்போது உரசி உருகிவிடும். உருகிய துளி உருண்டையாகும், சில நொடிகளில் குளிர்ந்து இறுகிவிடும். பிறகு மெதுவாக மிதந்து இறங்கி, வயல், ஏரி, கோபுரம், தண்ணீர்த் தொட்டி என்று பார்க்காமல் எங்கும் விழும். ஒரு பாய் விரிக்கிற இடத்தில் வருஷத்துக்கு ஒன்றோ இரண்டோ விழலாம். மற்ற தூசியோடு தூசியாகக் கலந்துவிடுவதால் யாருக்கும் தெரிவதில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் எங்கள் மொட்டை மாடியைப் பெருக்கினேன். மேலே குடியிருந்த அண்ணி சத்தம் கேட்டு வெளியே வந்தார்.

"இன்னாம்மா, வெயில்ல நின்னுக்கினு? வேலைக்காரம்மா வர்லயா?"

சொன்னேன். சிரிப்பார் என்று எதிர்பார்த்தேன். அவர் முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு, "அந்த மூலையில போன மழைக்கு நின்ன மண்ணு அப்டியே இருக்குது, அத முதல்ல வாரு" என்றார்.

அன்று எடுத்த மண்ணை வாளியில் போட்டுச் சோப்புத் தண்ணீரில் கலக்கினோம். இலைச் சருகும் பஞ்சும் மிதந்து போயின. அடியில் தங்கியதைக் காயவைத்து, மாவுச் சல்லடையில் சலித்து, பிளாஸ்டிக் பைக்குள் போட்ட காந்தத்தை மேலே ஓட்டினோம். காந்தத்தில் கருப்பாகத் தாடிபோல் ஒட்டிக்கொண்டது. மறுநாள் லேபில் அதை மைக்ராஸ்கோப்பில் வைத்தால் ஒரே இருட்டு. ரத்தம் பார்க்கும் மைக்ராஸ்கோப்பில் வெளிச்சம் கீழிருந்து வரும். ரத்தத்தை ஊடுருவும், கல்லை ஊடுருவுமா? கைப்பேசி டார்ச்சைப் பக்கவாட்டில் பிடித்துப் பார்த்தேன். பளபளவென்று உருண்டைகள். பத்து, இருபது இல்லை, சிந்திய கடுகுபோல எங்கு பார்த்தாலும்.

விண்கல் சேகரிப்பில் உலகத்திலேயே நாங்கள்தான் முதல் என்று அன்றைக்கு முழுவதும் நினைத்துக்கொண்டிருந்தோம். அண்ணி கடையில் கூட வேலை செய்பவர்களிடமெல்லாம் சொல்லிவிட்டார். இணையத்தில் இதற்கென்றே ஒரு குழு இருந்தது. அதில் படங்களைப் போட்டேன். சாயங்காலத்துக்குள் பதில் வந்துவிட்டது. உங்கள் வீட்டுக்கு அருகில் வெல்டிங் பட்டறை இருக்கிறதா என்று கேட்டிருந்தார்கள்.

இருந்தது. அடுத்த தெரு முனையில், கேட்டும் கிரில்லும் செய்கிற பட்டறை. அங்கே பறக்கிற நெருப்புப் பொறி ஒவ்வொன்றும் குளிர்ந்து இறங்கும்போது அழகான இரும்பு உருண்டையாகிவிடுகிறது. வழவழப்பாக, பல சமயம் உள்ளே கூடாக, ஒரு பக்கம் ஓட்டையோடு. அதே குழுவில் இருந்த ஒரு பேராசிரியை, சென்னையில் ஒரு கல்லூரியில் புவியமைப்பியல் கற்பிப்பவர், தமிழிலேயே விளக்கி எழுதினார். அதிர்வேட்டும் வாணமும் வெடித்தால் அதிலிருந்தும் உருண்டைகள் வரும். சிமெண்டில் கலக்கும் அனல்மின் சாம்பலில் கண்ணாடி உருண்டைகள் இருக்கும், அதனால் மாடித் தளமே உருண்டைகளை உதிர்க்கும். வண்டி பிரேக்கிலிருந்துகூட வரும். உண்மையான விண்துகளுக்கு வழவழப்பு கிடையாது. சிலவற்றில் ஆமை ஓடுபோல் மேடு பள்ளம் இருக்கும், சிலவற்றில் இணையாகக் கோடுகள் ஓடும். பெரிய, பழைய, யாரும் கழுவாத மாடியாகப் பாருங்கள், பட்டறையும் வாணவேடிக்கையும் இல்லாத இடமாக இருக்கட்டும் என்று முடித்திருந்தார்.

வருஷம் முழுக்க உற்சவம் நடக்கிற ஊரில் வாணவேடிக்கை இல்லாத இடத்துக்கு எங்கே போவது? அண்ணியிடம் படித்துக் காட்டினேன்.

"அப்போ கடையில இன்னான்னு சொல்றது?" என்றார். பிறகு அவரே, "சரி, ஊருக்கு வெளிய பாப்போம்" என்றார்.

அண்ணிக்குச் செவ்வாய்க்கிழமை வார விடுமுறை. அன்று காலை ரத்தம் எடுக்கும் நேரம் முடிந்ததும் உதவிக்கு இருக்கும் பெண்ணிடம் லேபை விட்டுவிட்டு நானும் கிளம்பிவிடுவேன். பேருந்திலும் ஷேர் ஆட்டோவிலும் சுற்றினோம். சந்தேகப் பார்வைகளெல்லாம் அப்போது வாங்கியவைதான். ஒரு வீட்டில் நாங்கள் இறங்கி வருவதற்குள் மாடிக் கதவுக்குப் புதுப் பூட்டு போட்டுவிட்டார்கள். என் கணவர் புடவை பார்டருக்குக் கணினியில் டிசைன் போடுபவர், திரையை விட்டுக் கண்ணை எடுக்காமலேயே கிண்டல் செய்வார்.

"நம்ம வூட்ட பெருக்க ஆளக் காணோம். ஊர் மாடிய பெருக்க ரெண்டு பேரு போறீங்க."

அண்ணி அதற்கெல்லாம் அசர மாட்டார். ஒரு புடவை எடுக்க வருபவர்களை மூன்று எடுக்க வைத்தவர் அவர். கையில் இருந்த பழைய வாடிக்கையாளர்களை ஒவ்வொருவராக நினைவுபடுத்திக்கொண்டே வந்தார். ஐயம்பேட்டைப் பக்கம் ஒரு கல்யாண மண்டபம் ஞாபகத்துக்கு வந்தது. அதன் முதலாளி விவசாயக் குடும்பம், கட்சியிலும் கொஞ்சம் செல்வாக்கு. மகள் கல்யாணத்துக்கு அண்ணியிடம்தான் புடவை எடுத்திருந்தார். குளிர்சாதன மண்டபங்கள் வந்த பிறகு அந்த மண்டபத்தில் விசேஷங்கள் குறைந்துபோய், மாடிக்கு யாரும் ஏறியே பல வருஷம் இருக்கும் என்று அண்ணி சொன்னார். சுற்றிலும் வயல். பட்டறை கிடையாது. எங்களுக்கு அதை விட நல்ல இடம் கிடைக்காது.

அண்ணி என் லேபில் உட்கார்ந்தே அவருக்குப் போன் செய்தார். நான் பக்கத்தில் கேட்டுக்கொண்டிருந்தேன்.

"அண்ணா, நல்லா இருக்கீங்களா? உங்க மண்டபத்து மாடில மழைத் தண்ணி தேங்குமா? ... மண்ணு அடைச்சிக்கினு இருக்குதா? ... ஆமாங்கண்ணா, லேப்ல இருந்து ஒரு மேடம் வராங்க. அந்த மண்ண சாம்பிள் எடுக்கணும். செவ்வாக்கிழம வர்லாங்களா? ... சரிங்கண்ணா, சரிங்கண்ணா."

போனை வைத்துவிட்டு, "ரொம்ப மரியாதையா பேசறாரும்மா" என்றார். எனக்கும் மகிழ்ச்சியாக இருந்தது. முதல் முறையாக ஒருவர் எதற்கு, என்ன என்று கேட்காமல் சம்மதித்திருக்கிறார்.

அது மழைக்காலம். ஊரெங்கும் டெங்கு பயம். சுகாதாரத் துறை ஆட்கள் வீடு வீடாக வந்து தண்ணீர் தேங்கியிருக்கிறதா என்று பார்த்து, இருந்தால் அபராதம் போட்டுக்கொண்டிருந்த நேரம். இதையெல்லாம் நான் அந்தச் செவ்வாய்க்கிழமை மண்டபத்து வாசலில் இறங்கிய பிறகுதான் சேர்த்து யோசித்தேன்.

வாசலில் முதலாளி வெள்ளைச் சட்டையில் நின்றிருந்தார். கையில் எங்களுக்காக வெட்டிய இளநீர். படி ஏறும்போதே பிளீச்சிங் பவுடர் வாசனை மூக்கைத் துளைத்தது. மேலே போனால் தளம் கண்ணாடிபோல் இருந்தது. தண்ணீர் போகும் துளைகளெல்லாம் சுத்தமாகத் திறந்திருந்தன. ஓரங்களில் வெள்ளைக் கோடாகப் பவுடர் தூவியிருந்தது.

"ஒரு சொட்டு தண்ணி இருக்குதான்னு நீங்களே பாத்துக்கோங்க மேடம்" என்றார் அவர். "அம்மா போன் பண்ணதுமே ரெண்டு ஆளு வெச்சி வாரி, மோட்டார் போட்டு கழுவிட்டேன். கொசு இன்னாத்துக்கு வருது?"

அண்ணி கைப்பிடிச் சுவரில் சாய்ந்து அப்படியே உட்கார்ந்துவிட்டார். எனக்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை. எத்தனையோ வருஷத்து வானத்துத் தூசி, ஒரு போன் காலில் போய்விட்டது. நாங்கள் சுகாதாரத் துறை ஆட்கள் இல்லை, கொசுவுக்கும் எங்களுக்கும் சம்பந்தம் இல்லை என்று மெதுவாகச் சொன்னேன். அவர் என் முகத்தையும் அண்ணி முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார்.

"அப்போ ஃபைன் இல்லையா?"

"இல்லைங்க."

"பின்ன இன்னாத்துக்கும்மா மண்ணு?"

"வானத்துல இருந்து விழுற சின்னச் சின்னக் கல்லு அதுல இருக்கும்ங்க. அதத் தேடறோம்."

அவர் நிமிர்ந்து வானத்தைப் பார்த்தார். "எப்போ விழுந்துச்சு?"

"தினமும் விழுது."

"நம்ம மேலயா?"

"நம்ம மேலயும்தான். கண்ணுக்குத் தெரியாது. ஒண்ணும் பண்ணாது."

அவர் இளநீரை எங்கள் கையில் கொடுத்தார். நாங்கள் குடித்து முடிக்கும் வரை யோசித்துக்கொண்டிருந்துவிட்டு, "அந்த மண்ண நான் தூக்கிப் போடலியே" என்றார். "கழுவறதுக்கு முன்ன ஆளுங்க சாக்குல வாரிக்கினு போயி பின்னால தென்னமரத்தாண்ட கொட்டினாங்க. நல்ல வண்டல், மரத்துக்கு ஆவும்னு."

அண்ணி எழுந்து படியிறங்கிய வேகத்தை நான் அதற்கு முன்பும் பார்த்ததில்லை, பின்பும் பார்த்ததில்லை.

தென்னை மரத்தடியில் அது குவியலாக அப்படியே கிடந்தது. அவர் இன்னும் அதைப் பரப்பவில்லை. அந்த மண்ணை அவர் ஆட்களே சாக்கில் கட்டிக்கொடுத்தார்கள். மாடியில் நாங்கள் பெருக்கியிருந்தால் துளைகளுக்குள் அடைத்திருந்ததையெல்லாம் விட்டிருப்போம். அவர் பயத்தில் நகத்தால் சுரண்டாத குறையாக எல்லாவற்றையும் எடுத்திருந்தார். இதை அவரிடம் சொன்னபோதுதான் அவர் முகத்தில் சிரிப்பு வந்தது.

சாக்குகளோடு ஷேர் ஆட்டோவை நிறுத்தினோம். ஓட்டுநர் எட்டிப் பார்த்தார்.

"இன்னாம்மா, சிமெண்டா?"

"மண்ணுப்பா" என்றார் அண்ணி.

"மண்ணுக்கா ஆட்டோ?"

"சாமி மண்ணுப்பா."

மண்ணையே லிங்கமாகப் பிடித்து வைத்துக் கும்பிடுகிற ஊர். அவர் அதற்கு மேல் ஒன்றும் கேட்காமல் சாக்கைத் தன் காலடியிலேயே வைத்துக்கொண்டார்.

பிறகு மாதக்கணக்கில் அதுதான் எங்கள் வேலை. மழை இல்லாத நாளில் மாடியில் ஒரு வாளி மண்ணைக் கழுவி, காயவைத்து, சலிப்போம். மண்ணுக்குள் ஒரு மண்டபத்தின் வரலாறே இருந்தது. வாழ்த்திப் போட்ட மஞ்சள் அரிசி, மாலையிலிருந்து உதிர்ந்த ஜிகினா, சீரியல் பல்பின் கண்ணாடி, புறா இறகு. காந்தத்தில் ஒட்டியதைச் சின்ன டப்பாக்களில் அடைத்து லேபுக்குக் கொண்டுபோவேன். பக்கத்துக் கைப்பேசி பழுதுபார்க்கும் கடையில் வைத்திருப்பதுபோல், மேலிருந்து வெளிச்சம் அடிக்கும் மைக்ராஸ்கோப் ஒன்றை எனக்கும் வாங்கிக்கொண்டேன். மதியம் கூட்டம் ஓய்ந்ததும் ஒரு சிட்டிகைத் தூளைத் தட்டில் பரப்பி, ஊசி முனையால் ஒவ்வொன்றாகப் புரட்டிப் பார்ப்பேன். செவ்வாய்க்கிழமை அண்ணி வந்து உட்காருவார். வெல்டிங் உருண்டைக்கு மொட்டை என்று பேர் வைத்தார். சாம்பல் உருண்டைக்கு ஜவ்வரிசி. "இதுவும் மொட்டதான்... இது ஜவ்வரிசி... இதுவும் மொட்ட" என்று அவர் சொல்லிக்கொண்டே போக, ரத்தம் கொடுக்க வந்தவர்கள் என்ன நோய்க்கு இந்தப் பேர்கள் என்று பயந்தது உண்டு.

பார்த்துப் பார்த்து எனக்குச் சலிப்பு வந்துவிட்டது. ஒரு வெள்ளிக்கிழமை மதியம், இன்றைக்கு இதுதான் கடைசித் தட்டு என்று நினைத்துப் பார்த்துக்கொண்டிருந்தபோது, ஊசி ஒன்றின் மேல் நின்றது. கருப்பு. பளபளப்பு இல்லை. சரியான உருண்டைகூட இல்லை, கொஞ்சம் நீண்டு எலுமிச்சை விதைபோல் இருந்தது. வெளிச்சத்தைச் சாய்த்தேன். ஒரு முனையிலிருந்து மறு முனைவரை இணையாக, நெருக்கமாகக் கோடுகள். முனையில் வெள்ளியாக ஒரு புள்ளி.

அந்தக் கோடுகள் ஆலிவின் என்ற கனிமத்தின் படிகங்கள். உருகிய துளி மிக வேகமாகக் குளிரும்போது படிகங்கள் வரிசையாக வளர்ந்துவிடும். முனையில் இருக்கும் புள்ளி இரும்பும் நிக்கலும் சேர்ந்த மணி. காற்று மோதித் துளியின் வேகம் சட்டென்று குறையும்போது, உள்ளே இருக்கும் கனமான உலோகம் மட்டும் முன்பக்கம் தள்ளப்படும், ஷேர் ஆட்டோ பிரேக் போட்டால் நாம் முன்னால் சாய்வோமே அதுபோல. வெல்டிங் பொறிக்கு அந்த வேகமும் கிடையாது, அந்தச் சரக்கும் கிடையாது. இதெல்லாம் படித்து வைத்திருந்தது. கண்ணெதிரே பார்க்கும்போது படித்தது ஒன்றும் நினைவில் இல்லை. ஊசியைக் கீழே வைத்துவிட்டு அண்ணிக்குப் போன் செய்தேன்.

முகூர்த்தக் காலம். கடையில் அவர் எதிரில் ஒரு குடும்பமே உட்கார்ந்திருந்தது என்று பின்னால் தெரிந்தது. மேற்பார்வையாளரும் அருகில் இருந்திருக்கிறார்.

"அண்ணி, கெடச்சிடுச்சு. கோடு போட்டது."

அண்ணி கடைக்குரலில், "ஆங், அந்த டிசைன் இருக்குதுங்களா? ரொம்ப சந்தோஷம்மா. யாருக்கும் குடுத்துடாதீங்க, எடுத்து வைங்க. நான் சாயங்காலம் வந்து பாக்கறேன்" என்றார்.

சாயங்காலம் ஓடிவந்தார். மைக்ராஸ்கோப்பில் கண்ணை வைத்தவர் வெகுநேரம் எடுக்கவில்லை. அன்று மதியத்திலிருந்து மின்சாரம் விட்டுவிட்டு வந்துகொண்டிருந்தது. நடுவில் போய், இன்வெர்ட்டரில் விளக்கு மட்டும் எரிந்தது. வியர்த்துக் கொட்டியதால் அண்ணி எழுந்து போய்ப் பழக்கத்தில் மின்விசிறி சுவிட்சைத் தட்டிவிட்டு வந்தார். அதை அவரும் கவனிக்கவில்லை, நானும் கவனிக்கவில்லை. இடுக்கி முனையை ஈரமாக்கி அந்தத் துகளைத் தனிக் கண்ணாடியில் மாற்றலாம் என்று நான் தட்டின் மூடியைத் திறந்த நேரம் மின்சாரம் வந்தது. தலைக்கு மேல் விசிறி சுழன்றது. தட்டு காலியாகிவிட்டது.

தரையில் தவழ்ந்து காந்தத்தால் தேடினோம். மேசைக்கு அடியில், அலமாரிக்குப் பின்னால், மின்விசிறி மேல்கூட. குண்டூசி வந்தது, ஸ்டேப்ளர் கம்பி வந்தது. அது வரவில்லை. எனக்குக் கோபம் வந்தது. நாத்தனாரிடம் காட்டக் கூடாது என்று விழுங்கிக்கொண்டேன். விழுங்கியது அவருக்குத் தெரிந்துவிட்டது. வீட்டில் என் கணவர் விஷயத்தைக் கேட்டுவிட்டு, "அவ்ளோ தூரம் வந்தது உங்க லேப்ல வழி தெரியாம பூடுச்சா" என்றார். யாரும் சிரிக்கவில்லை. அவரும் தட்டைப் பார்த்துச் சாப்பிட ஆரம்பித்தார்.

அடுத்த வாரம் திங்கட்கிழமை நான் லேபுக்குப் போனபோது அண்ணி எனக்கு முன்னால் படியில் உட்கார்ந்திருந்தார்.

"கடை இல்லையா அண்ணி?"

"லீவு சொல்லிட்டேன். முகூர்த்த சீசன்ல லீவான்னு சூப்பர்வைசர் கத்துறான். கத்தட்டும்." எழுந்து புடவையைத் தட்டிக்கொண்டார். "மிச்ச டப்பா எங்க வெச்சிருக்கிற? எடு. விசிறி ஒயர நீயே புடுங்கி வுட்டுடு."

அன்று முழுவதும், மறுநாளும், அவர் பார்த்தார். வியர்வைக்குக் கழுத்தில் ஈரத்துண்டு. நான் ரத்தம் எடுத்துக்கொண்டிருப்பேன், உள்ளே மொட்டை, ஜவ்வரிசி என்று முனகல் கேட்கும். செவ்வாய்க்கிழமை பிற்பகலில் முனகல் நின்றது. நான் எட்டிப் பார்த்தேன். அவர் தட்டின் மேல் இரண்டு கையையும் குடைபோல் கவிழ்த்துப் பிடித்தபடி, திரும்பாமல், "கதவச் சாத்தும்மா, காத்து வருது" என்றார்.

இது முதலாவதைப் போல இல்லை. நல்ல உருண்டை, ஆமை ஓடு மாதிரி மேலெல்லாம் கட்டம் கட்டமாக இருந்தது. முதலாவதை விடப் பெரிது. இந்த முறை அவரே இடுக்கியால் எடுத்தார். கல்யாணப் பெண்ணின் தோளில் ஐந்து வினாடியில் முந்தானை மடிக்கிற கை, கொஞ்சமும் நடுங்கவில்லை. கண்ணாடிச் சில்லில் வைத்து மூடியைப் போட்ட பிறகுதான் அவர் மூச்சுவிட்டார். நானும் அப்போதுதான். "உன்கிட்ட ஒண்ணு கடன்பட்ட மாதிரி இருந்துச்சு" என்றார். ஏதாவது சொல்ல வேண்டும் என்று நினைத்தேன். காபி வாங்கிவரச் சொல்லட்டுமா என்றுதான் கேட்க வந்தது.

அதே மண்ணில் பிறகு இன்னும் சில கிடைத்தன. எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு பேராசிரியையைப் பார்க்கச் சென்னைக்கு ரயிலில் போனோம். அவர் கல்லூரியில் எலக்ட்ரான் மைக்ராஸ்கோப் இருந்தது. துகள்களை ஒட்டும் நாடாவில் பதித்து உள்ளே தள்ளிவிட்டு, எங்களைத் திரைக்கு முன்னால் உட்காரவைத்தார். முதல் துகள் திரையில் மேசை அகலத்துக்கு எழுந்து நின்றது. பள்ளத்தாக்கு, மேடு, வரிசை வரிசையாகப் படிகங்கள். எந்த இடத்தில் என்ன தனிமம் என்று இயந்திரம் கோடுகளாகக் காட்டியது. மக்னீசியம், சிலிக்கன், இரும்பு. ஒன்றில் உலோகப் புள்ளி இருந்த இடத்தில் நிக்கல். பேராசிரியை நாற்காலியைத் திருப்பிக்கொண்டு, "சந்தேகமே வேண்டாம்" என்றார். நாங்கள் கொண்டுபோனதில் இரண்டு பூமியில் உண்டானவை என்று தள்ளிவிட்டார். அண்ணி கண்டுபிடித்த உருண்டை தேறியது.

"இதுக்கு வயசு இன்னாங்க இருக்கும்?" என்று அண்ணி கேட்டார்.

"விழுந்து சில வருஷம்தான் இருக்கும். ஆனா இதுல இருக்குற சரக்கு சூரியனும் கிரகங்களும் உண்டான சமயத்துது. நானூத்தம்பது கோடி வருஷத்துக்கும் மேல."

அண்ணி தலையாட்டினார். படியிறங்கும்போது என் காதருகில், "அவ்ளோ பழசு, ஆனா பாரேன், சாயம் போகல" என்றார்.

மண்டபத்து முதலாளிக்கு அந்தத் திரைப் படத்தை அனுப்பினோம். அவர் அதைப் பெரிதாக அச்சிட்டுச் சட்டம் போட்டு அலுவலக அறையில் மாட்டியிருக்கிறார். மண்டபம் பார்க்க வரும் பெண் வீட்டாரிடம், நட்சத்திரமே வந்து இறங்கிய இடம் என்கிறாராம். நட்சத்திரம் இல்லை, சிறுகோள் தூசி என்று நான் ஒரு முறை திருத்திச் சொன்னேன். "அத போயி கல்யாண வூட்டுக்காரங்ககிட்ட சொல்ல முடியுமா மேடம்?" என்றார். மாடியைக் கழுவுவதை இப்போது நிறுத்திவிட்டார். தண்ணீர் தேங்காமல் துளைகளில் வலை கட்டி, வலையில் சேரும் மண்ணை எங்களுக்கென்று வாளியில் எடுத்து வைக்கிறார்.

எங்கள் சேகரிப்பு இப்போது ஒரு குங்குமச் சிமிழுக்குள் அடங்கும். அருங்காட்சியகத்தில் வைக்கிற சமாசாரம் இல்லை. வீட்டுக்கு வருபவர்களுக்குக் காட்டினால், எங்கே, எங்கே என்று கேட்டுவிட்டு, பார்த்தபின் மரியாதைக்கு ஒரு நிமிஷம் பேசாமல் இருப்பார்கள்.

போன செவ்வாய்க்கிழமை வாலாஜாபாத்தில் ஒரு அரிசி ஆலைக்குப் போனோம். பெரிய தட்டையான கூரை, பார்க்கும்போதே ஆசையாக இருந்தது. உமிச் சாம்பல் பறக்கிற இடம், நமக்கு ஆகாது என்று நான் சொல்லிப் பார்த்தேன். அண்ணி கேட்கவில்லை. ஆலைக்காரர் எங்களை முழுசாகப் பேசவிட்டுவிட்டு, முடியாது என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிட்டார். வெளியே வந்து பேருந்து நிலையத்துக்கு எதிரில் சூடாகப் போண்டா சாப்பிட்டோம். நான் காகிதத்தில் கை துடைத்துக்கொண்டிருந்தபோது அண்ணி ஏற்கெனவே கைப்பேசியை எடுத்துவிட்டார். திருமுக்கூடல் பக்கத்தில் யாரோ ஒரு வாடிக்கையாளர், பையன் நிச்சயதார்த்தத்துக்குப் புடவை எடுத்தவர்களாம். மூன்று கட்டு மாடி வீடு.

"அண்ணி, தண்ணி தேங்குமான்னு மட்டும் கேக்காதீங்க" என்றேன்.

கையால் என்னை அமர்த்திவிட்டு அவர் பேச ஆரம்பித்தார்.